விசையும் எதிர்விசையும்: ஜோடியைத் தவறாமல் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை அதை மேலே தள்ளுகிறது. இரண்டும் சம அளவு, இரண்டும் எதிரெதிர்த் திசை. அப்படியானால் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசை–எதிர்விசை ஜோடி இதுதானே?

இது இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் வரை பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். விதியைச் சொல்லச் சொன்னால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு படத்தைக் காட்டி, "இதில் ஜோடி எது?" என்று கேட்டால் கை தயங்கும். விதியை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், ஜோடியைத் தேடும் முறையைச் சொல்லித் தருவதில்லை. அந்த முறை மிக எளிது, ஆனால் கறாராகப் பின்பற்ற வேண்டும்.

மும்பையில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பாடத்தைப் பள்ளியில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ படிக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்பது தமிழில். வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தரும் அம்மா, அப்பா, அக்காமார்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பிள்ளைகள் தினமும் பார்க்கும் இந்த ஊரிலிருந்தே எடுத்துக்காட்டுகளை எடுத்திருக்கிறேன்.

விதி சொல்வதும் சொல்லாததும்

1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் நியூட்டன் இந்த விதிக்குக் கொடுத்த விளக்கம் வெகு சாதாரணமானது: ஒரு கல்லை விரலால் அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது. கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால் குதிரையும் கல்லை நோக்கி அதே அளவு இழுபடுகிறது. விதியின் சாரம் இவ்வளவுதான். இரண்டு பொருள்கள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசைகள் எப்போதும் சமம், எதிரெதிர்த் திசை.

இதில் முக்கியமான சொல் 'ஒன்றன்மீது ஒன்று'. பிள்ளைகள் நினைவில் வைப்பதோ 'சமம், எதிர்' என்பதை மட்டும். அதனால்தான் சமமாகவும் எதிராகவும் எந்த இரண்டு அம்புக்குறியைப் பார்த்தாலும் ஜோடி என்று வட்டம் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலில் செயல், அப்புறம் அதற்குப் பதிலாக எதிர்ச்செயல் என்று மனம் தானாகவே வரிசை போட்டுக்கொள்கிறது. இயற்பியலில் அந்த வரிசை கிடையாது. இரண்டு விசையும் ஒரே நொடியில் தோன்றும், ஒரே நொடியில் மறையும். எதை விசை என்பது, எதை எதிர்விசை என்பது நம் விருப்பம். மாற்றிச் சொன்னாலும் தப்பில்லை.

முதல் படி: விசைக்கு முழுப்பெயர் வையுங்கள்

'எடை', 'உராய்வு', 'தள்ளுதல்' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு விசையையும் இந்த வாக்கியத்தில் எழுத வேண்டும்:

______ மீது ______ செலுத்தும் ______ விசை.

முதல் இடத்தில் விசையை வாங்கும் பொருள், இரண்டாவதில் செலுத்தும் பொருள், மூன்றாவதில் விசையின் வகை. புத்தகத்தின் எடையை இப்படி எழுதுவோம்: 'புத்தகத்தின் மீது பூமி செலுத்தும் ஈர்ப்பு விசை'. மேசை தாங்குவதை இப்படி: 'புத்தகத்தின் மீது மேசை செலுத்தும் செங்குத்து விசை'. செங்குத்து விசை என்றால் தொடும் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை; அது எப்போதும் மேல்நோக்கித்தான் இருக்கும் என்பதில்லை.

பிள்ளைகள் இதை வாயால் சொன்னால் போதாது, நோட்டில் எழுத வேண்டும். முதல் பத்துக் கணக்குக்காவது இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பாதித் தவறுகள் இந்த ஒரு வரியிலேயே சரியாகிவிடும்.

இரண்டாம் படி: பெயர்களை இடம் மாற்றுங்கள்

முதல் இரண்டு பெயர்களை இடம் மாற்றுங்கள், வகையைத் தொடாதீர்கள். கிடைப்பதுதான் ஜோடி. வேறு எங்கும் தேட வேண்டாம்.

'புத்தகத்தின் மீது பூமி செலுத்தும் ஈர்ப்பு விசை' என்பதன் ஜோடி, 'பூமியின் மீது புத்தகம் செலுத்தும் ஈர்ப்பு விசை'. மேசை இந்த வாக்கியத்தில் வரவே இல்லை, அதனால் ஜோடியிலும் அதற்கு இடமில்லை. 'புத்தகத்தின் மீது மேசை செலுத்தும் செங்குத்து விசை'க்கு ஜோடி, 'மேசையின் மீது புத்தகம் செலுத்தும் செங்குத்து விசை'. ஆக, ஒரே ஒரு புத்தகம் சும்மா கிடப்பதில் இரண்டு தனித்தனி ஜோடிகள் இருக்கின்றன. நான்கு விசைகள், மூன்று பொருள்கள்.

ஜிபேயில் காய்கறிக்காரருக்கு 100 ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் போனில் 100 போனதாகவும் அவர் போனில் 100 வந்ததாகவும் வரும். இரண்டு பதிவு, ஆனால் நடந்தது ஒரே பரிமாற்றம். விசையும் அப்படித்தான்: இரண்டு பொருள்களுக்கு இடையே நடக்கும் ஒரு நிகழ்வை இரு பக்கத்திலிருந்தும் எழுதுகிறோம். உங்கள் கணக்கில் காலையில் 100 ரூபாய் வந்து மாலையில் வேறொருவருக்கு 100 போனால், தொகை சமம் என்பதற்காக அது ஒரே பரிமாற்றம் ஆகிவிடாது. புத்தகத்தின்மீது செயல்படும் எடையும் மேசையின் தாங்கலும் அந்த மாதிரி இரண்டு வேறு பரிமாற்றங்கள்.

மூன்றாம் படி: சரிபார்த்தல்

மூன்று கேள்விகள் போதும். இரண்டு விசையும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படுகின்றனவா? இரண்டும் ஒரே வகையா, அதாவது ஒன்று ஈர்ப்பு என்றால் மற்றதும் ஈர்ப்புதானா? ஒன்று மறைந்தால் மற்றதும் அதே கணத்தில் மறையுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' வர வேண்டும். எதிலாவது 'இல்லை' வந்தால் அது ஜோடி இல்லை.

அளவு சமமா என்பதை நான் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஜோடியைக் கண்டுபிடித்தபின் சமம் என்பது தானாகக் கிடைக்கும். அதை வைத்து ஜோடியைத் தேடப் போனால் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

புத்தகத்தை இந்தக் கேள்விகளில் போட்டுப் பாருங்கள். எடையும் மேசை தரும் விசையும் ஒரே புத்தகத்தின்மீது செயல்படுகின்றன. முதல் கேள்வியிலேயே தோல்வி. ஒன்று ஈர்ப்பு, மற்றது தொடு விசை, இரண்டாவதிலும் தோல்வி. மேசையைச் சட்டென்று இழுத்துவிட்டால் மேசையின் விசை மறைகிறது, எடை அப்படியே இருக்கிறது, மூன்றாவதிலும் தோல்வி.

லிஃப்டில் கிடைக்கும் சாட்சி

'சமமாக இருக்கிறதே' என்று பிள்ளை இன்னும் விடாமல் வாதாடினால், லிஃப்டுக்குள் அழைத்துச் செல்லுங்கள். செம்பூர், முலுண்டு பக்கம் இருபது மாடிக் கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. குளியலறையில் வைக்கும் எடை பார்க்கும் மெஷின் ஒன்றையும் எடுத்துப் போங்கள். முள் வைத்ததாக இருந்தால் நல்லது, மாற்றம் கண்ணுக்கு உடனே தெரியும்.

60 கிலோ நிறையுள்ள ஒருவர் மெஷின்மேல் நிற்கிறார். பூமி அவரை இழுக்கும் விசை 60 × 9.8 = 588 நியூட்டன். லிஃப்ட் நிற்கும்போது மெஷின் அவரை மேலே தள்ளுவதும் 588தான். இப்போது லிஃப்ட் மேல்நோக்கிக் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) 1 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். பூமியின் இழுப்பு மாறவில்லை, அதே 588. ஆனால் அவரை மேலே முடுக்க வேண்டுமே, அதற்கு இரண்டாம் விதிப்படி (நிகர விசை = நிறை × முடுக்கம்) 60 × 1 = 60 நியூட்டன் கூடுதலாக வேண்டும். அதனால் மெஷின் 588 + 60 = 648 நியூட்டன் தள்ள வேண்டியிருக்கிறது. முள் 66 கிலோவைத் தொடும்.

588உம் 648உம் சமமில்லை. மூன்றாம் விதி எந்த நிலையிலும் மீறப்படாத விதி. முடுக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜோடி சமமாகவே இருக்கும். ஆகவே எடையும் தாங்கும் விசையும் ஜோடியாக இருக்க வழியே இல்லை. நின்றிருந்தபோது அவை சமமாக இருந்ததற்குக் காரணம் மூன்றாம் விதியல்ல. முடுக்கம் இல்லை என்பதால் முதல், இரண்டாம் விதிகளின்படி அவை சமமாயின. உண்மையான ஜோடியைப் பாருங்கள்: மெஷின் அவரை 648 தள்ளும்போது அவரும் மெஷினை 648 அழுத்துகிறார். மெஷின் காட்டுவதே அந்த அழுத்தத்தைத்தான்.

இந்த ஒரு சோதனையைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மேசை–புத்தகக் கேள்வி வாழ்நாளில் தப்பாது.

ஃப்ரிட்ஜ் காந்தம்: வகை ஏன் முக்கியம்

விசையின் வகையை எழுதச் சொன்னால் சிலர் சலித்துக்கொள்வார்கள். இரண்டு பெயர் போதாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் போதும். போதாத இடம் ஒன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலேயே இருக்கிறது. ஊருக்குப் போய் வந்தவர் கொடுத்த மீனாட்சியம்மன் கோபுரக் காந்தம் ஒன்று ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கதவு காந்தத்தைத் தன்பக்கம் ஈர்க்கிறது. அதே கதவு, காந்தம் தனக்குள் புகாதபடி அதை வெளிப்பக்கம் தள்ளவும் செய்கிறது. ஆக 'காந்தத்தின் மீது கதவு செலுத்தும் விசை' என்று மட்டும் எழுதினால் எந்த விசை என்றே தெரியாது. வகையைச் சேர்த்தால் பிரிந்து நிற்கும்:

காந்தத்தின் மீது கதவு செலுத்தும் காந்த விசை – கதவின் மீது காந்தம் செலுத்தும் காந்த விசை. இது ஒரு ஜோடி.

காந்தத்தின் மீது கதவு செலுத்தும் செங்குத்து விசை – கதவின் மீது காந்தம் செலுத்தும் செங்குத்து விசை. இது இன்னொரு ஜோடி.

வகையைப் பார்க்காமல் 'காந்தம் கதவை ஈர்க்கிறது, கதவு காந்தத்தைத் தள்ளுகிறது' என்று கலந்து எழுதினால் என்ன ஆகும்? பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன, அளவும் சமம். ஆனால் திசையைப் பாருங்கள். காந்தம் கதவை ஈர்ப்பது சமையலறைப் பக்கமாக, கதவு காந்தத்தைத் தள்ளுவதும் அதே சமையலறைப் பக்கமாக. இரண்டும் ஒரே திசை! ஜோடி என்றால் எதிர்த் திசையாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி மிச்சம்: காந்தம் ஏன் வழுக்கிக் கீழே விழவில்லை? கதவு அதை உராய்வால் மேல்நோக்கிப் பிடித்திருக்கிறது. ஜோடி: கதவின் மீது காந்தம் செலுத்தும் கீழ்நோக்கிய உராய்வு. எடைக்கு ஜோடி, வழக்கம்போல, பூமியின்மீது காந்தம் செலுத்தும் ஈர்ப்பு. இந்தச் சின்னப் பொருளைச் சுற்றி நான்கு ஜோடிகள், எட்டு விசைகள். பிள்ளை எட்டையும் தானாக எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்றே சொல்லலாம்.

நான்காம் படி: ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்படம்

ஜோடியைக் கண்டுபிடிப்பது ஒன்று, அதைக் கணக்கில் சரியான இடத்தில் வைப்பது வேறு. இங்கேதான் 'குதிரையும் வண்டியும்' என்ற பழைய சந்தேகம் வரும். குதிரை வண்டியை இழுக்கிறது, வண்டி குதிரையை அதே அளவு பின்னால் இழுக்கிறது. இரண்டும் அடித்துக்கொண்டு போனால் வண்டி எப்படி நகரும்?

குதிரைக்குப் பதில் மஸ்ஜித் பந்தர் சந்துகளில் மூட்டை ஏற்றிப் போகும் கைவண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கே எல்லோரும் ஹாத்காடி என்பார்களே, அதுதான். வண்டியும் சரக்கும் சேர்ந்து 200 கிலோ, இழுப்பவர் 60 கிலோ. கிளம்பும்போது முடுக்கம் 0.5 மீ/வி². சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே வண்டியைத் தடுக்கும் விசை 80 நியூட்டன்.

முதலில் வண்டியை மட்டும் வரையுங்கள். கிடைத்திசையில் அதன்மீது இரண்டு விசைகள்: ஆள் முன்னால் இழுப்பது, சாலை பின்னால் தடுப்பது. 200 கிலோவை 0.5இல் முடுக்க நிகர விசை 100 நியூட்டன் வேண்டும். தடுப்பு 80ஐயும் வெல்ல வேண்டும். ஆகவே ஆள் 180 நியூட்டனில் இழுக்கிறார்.

இப்போது வேறு தாளில் ஆளை மட்டும் வரையுங்கள். வண்டி அவரைப் பின்னால் இழுப்பது 180. இது ஜோடி, அதனால் கணக்கே போட வேண்டாம். அவரும் 0.5இல் முடுக வேண்டும், அதற்கு நிகர விசை 30. அப்படியானால் யாரோ அவரை 210 நியூட்டனில் முன்னே தள்ள வேண்டும். யார் அது? சாலைதான். அவர் காலால் சாலையை 210 நியூட்டனில் பின்னே தள்ளுகிறார், சாலை அவரை 210 நியூட்டனில் முன்னே தள்ளுகிறது.

இரண்டு 180உம் அடித்துக்கொண்டு போகாததற்குக் காரணம் அவை ஒரே படத்தில் இல்லை என்பதே. ஒன்று வண்டியின் கணக்கு, மற்றது ஆளின் கணக்கு. என் கணக்கில் போன நூறையும் காய்கறிக்காரர் கணக்கில் வந்த நூறையும் கூட்டி 'யாருக்கும் எதுவும் நடக்கவில்லை' என்று சொல்ல முடியுமா?

ஆளையும் வண்டியையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்தால் மட்டும் அந்த இரண்டு 180உம் உள்ளுக்குள் அடங்கிவிடும். அப்போது வெளியிலிருந்து வருவது சாலையின் 210 முன்னே, 80 பின்னே, நிகரம் 130. மொத்த நிறை 260 கிலோ × 0.5 = 130. கணக்கு பிசகாமல் உட்காருகிறது.

கைவண்டிக்காரர்கள் ஏன் முன்னால் நன்றாகச் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி உந்துகிறார்கள் என்பதையும் இது சொல்கிறது. வண்டியை நகர்த்துவது கையின் பலம் மட்டுமில்லை, காலுக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. ஜூலை மழையில் சாலை வழுக்கினால் எவ்வளவு பலசாலியாலும் அந்த 210ஐ வாங்க முடியாது. அவர் சாலையைத் தள்ள முடியாததால் சாலையும் அவரைத் தள்ளாது.

லோக்கல் ரயிலும் இதே விதிப்படிதான் கிளம்புகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் தண்டவாளத்தைப் பின்னே தள்ளுகிறது, தண்டவாளம் சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. ரயிலை முன்னே கொண்டுபோகும் வெளிவிசை தண்டவாளம் தருவது. ஈரத்தில் சக்கரம் வழுக்கும்போது ரயில் எஞ்சின்கள் தண்டவாளத்தில் மணல் தூவுவது இந்தப் பிடிப்புக்காகத்தான்.

செலுத்துபவர் பெயர் கிடைக்கவில்லை என்றால்

தாதரில் நிற்கப்போகும் ஃபாஸ்ட் லோக்கல் பிரேக் போடுகிறது. நின்றிருப்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்கள். "எங்களை முன்னே தள்ளிய விசைக்கு ஜோடி எது?" என்று ஒரு புத்திசாலிப் பிள்ளை கேட்கும்.

வாக்கியத்தை நிரப்பச் சொல்லுங்கள். 'என் மீது ______ செலுத்தும் ______ விசை.' ரயிலா? ரயில் தொடுவது காலை; அது காலைப் பின்பக்கமாகத்தான் இழுக்கிறது. பின்னால் நிற்பவரா? அவர் தொடக்கூட இல்லை. காற்றா? இல்லை. செலுத்துபவர் யாருமே கிடைக்கவில்லை. அப்படியென்றால் அந்த விசையே கிடையாது. ரயில் வேகம் குறைகிறது, கால் ரயிலோடு சேர்ந்து குறைகிறது, உடலின் மேல்பகுதி பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. அது நிலைமம், முதல் விதியின் விஷயம்.

மேல்வகுப்பில் இதைப் 'போலி விசை' என்று கணக்கில் சேர்ப்பார்கள். ரயிலுக்குள் இருந்தபடியே கணக்குப் போட அது ஒரு வசதி. அதற்கு எதிர்விசை ஜோடி கிடையாது. பேருந்து வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் தள்ளுவதுபோல் தோன்றும் விசைக்கும் கிடையாது. முதல் படியில் முழுப்பெயர் வைக்கச் சொன்னதன் பெரிய பலன் இது: இல்லாத விசைகளை அது தானே களைந்துவிடும்.

கயிறு நடுவில் வந்தால்

கேட்வேயிலிருந்து எலிஃபண்டா போகும் படகைக் கரையில் கட்டும்போது பாருங்கள். படகிலிருக்கும் ஆள் கயிற்றை இழுக்கிறார், கயிற்றின் மறுமுனை கரையிலுள்ள தூணில். கை கயிற்றை இழுப்பதும் தூண் கயிற்றை இழுப்பதும் எதிரெதிர், ஏறக்குறைய சமம். ஜோடி என்று தோன்றும். ஆனால் இரண்டும் கயிற்றின்மீது செயல்படுபவை. கயிறும் ஒரு பொருள் என்பதை மறக்கக் கூடாது. கைக்கும் கயிற்றுக்கும் ஒரு ஜோடி, கயிற்றுக்கும் தூணுக்கும் இன்னொரு ஜோடி. கயிற்றின் நிறை மிகக் குறைவு என்பதால் இரு முனையிலும் இழுவிசை சமமாக வருகிறது. அது இரண்டாம் விதியின் விளைவு.

பெரியது சிறியதை அதிகமாகத் தள்ளுமா?

பஸ்ஸும் ஆட்டோவும் மோதினால் எதன்மீது விசை அதிகம்? ஆட்டோவின் மீது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நசுங்கியது அதுதானே. உண்மையில் ஆட்டோ பஸ்ஸின் மீது செலுத்தும் விசையும் பஸ் ஆட்டோவின் மீது செலுத்தும் விசையும் கொஞ்சமும் வித்தியாசமில்லாமல் சமம். வேறுபடுவது விளைவு. பஸ் 12,000 கிலோ, ஆட்டோ ஆட்களோடு 600 கிலோ என்றால், அதே விசை ஆட்டோவுக்கு 20 மடங்கு முடுக்கத்தைக் கொடுக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அடிபடுவது அந்த முடுக்கத்தால். விசையையும் விளைவையும் பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். 'சமம் என்றால் இரண்டுக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டுமே' என்ற சந்தேகம் அதோடு போய்விடும்.

மரத்திலிருந்து விழும் தேங்காயும் இதே கதைதான். 1.5 கிலோ தேங்காயைப் பூமி 14.7 நியூட்டனில் இழுக்கிறது, தேங்காயும் பூமியை 14.7 நியூட்டனில் மேலே இழுக்கிறது. பூமியின் நிறை ஏறக்குறைய 6 × 10²⁴ கிலோ. வகுத்தால் பூமிக்குக் கிடைக்கும் முடுக்கம் 2.5 × 10⁻²⁴ மீ/வி². எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவு சின்னது, ஆனாலும் சுழியம் இல்லை.

கொஞ்சம் பெரிய பொருளாக இருந்தால் இந்த எதிர்விசையின் விளைவு தெரியவும் தெரியும். பூமி சந்திரனை ஏறக்குறைய 2 × 10²⁰ நியூட்டனில் ஈர்க்கிறது. சந்திரனும் பூமியை அதே அளவில்தான் ஈர்க்கிறது; ஒரு நியூட்டன்கூடக் குறையாது. பூமியின் நிறை சந்திரனைப்போல் 81 மடங்கு என்பதால் பூமி குறைவாக அசைகிறது. ஆனாலும் அசையத்தான் செய்கிறது: பூமியும் சந்திரனும் ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன, அந்த மையம் பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் கடலேற்றம் வரும் என்று எச்சரிக்கை வரும் நாளில், மரைன் டிரைவ் சுவரில் அலை மோதித் தெறிப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு பூமியின்மீது சந்திரன் செலுத்தும் ஈர்ப்பினுடையது. தொடாமலே செயல்படும் விசைக்கும் ஜோடி உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

ராக்கெட் எதைத் தள்ளுகிறது?

பெரியவர்களும் சறுக்கிய கேள்வி இது. ராக்கெட்டால் சந்திரனை எட்டலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் காடர்ட் எழுதியதற்காக, 1920இல், வெற்றிடத்தில் தள்ளுவதற்கு எதுவுமே இல்லையே என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அவரைக் கேலி செய்தது. அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்தப் பத்திரிகை தன் திருத்தத்தை வெளியிட்டது.

வாக்கியத்தை நிரப்பினால் குழப்பம் வராது. 'வாயுவின் மீது ராக்கெட் செலுத்தும் விசை' – 'ராக்கெட்டின் மீது வாயு செலுத்தும் விசை'. ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றிலிருந்து வெளியேறும் எரிந்த வாயுவை. வெளியே காற்றோ தரையோ இந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று

பயிற்சிக்கு நிறையக் கேள்விகள் கொடுப்பதைவிட, கண்முன்னே நடக்கும் ஒன்றை அலசுவது மேல் என்று நினைக்கிறேன். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

ஒரு டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது விரலைத் தண்ணீரில் விடுங்கள், டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. எண் ஏறுமா? பிள்ளையிடம் முதலில் பதில் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். ஏறும். மூழ்கிய விரலின் கன அளவு 10 கன செ.மீ. என்றால் 10 கிராம் காட்டும்.

விரல் டம்ளரைத் தொடவில்லையே, எப்படி ஏறியது? முழுப்பெயர் எழுதுங்கள்: 'விரலின் மீது தண்ணீர் செலுத்தும் மிதப்பு விசை', மேல்நோக்கி. இடம் மாற்றுங்கள்: 'தண்ணீரின் மீது விரல் செலுத்தும் விசை', கீழ்நோக்கி. தராசு காட்டுவது அந்தக் கீழ்நோக்கிய அழுத்தத்தை.

அடுத்து, 50 கிராம் எடையும் 20 கன செ.மீ. அளவும் கொண்ட ஒரு கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 20 கிராம் ஏறும், மிச்சம் 30 கிராமை நூல் சுமக்கிறது. நூலை மெல்லத் தளர்த்தி, கல் அடியில் உட்காரும்படி விடுங்கள். இப்போது 50 கிராம் காட்டும். தண்ணீருக்கும் கல்லுக்கும் உள்ள ஜோடி அதே 20 கிராம் அளவில் இருக்கிறது. நூலுக்கும் கல்லுக்கும் இருந்த ஜோடி மறைந்து, அதன் இடத்தில் டம்ளரின் அடிக்கும் கல்லுக்கும் 30 கிராம் அளவில் ஒரு புது ஜோடி வந்திருக்கிறது.